குயர் கோட்பாடு என்றால் என்ன? எம்.ஏ.வில் படிக்கப் போகிறவர்களுக்கும், 'இது என்ன படிப்பு' என்று வீட்டில் கேட்பவர்களுக்கும்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து எம்.ஏ. ஆங்கிலமோ சமூகவியலோ மகளிரியலோ படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு செமஸ்டரில் பாலினம், பாலியல் பற்றிய தாள் வந்து சேரும். அதில் ஒரு அலகு குயர் கோட்பாடாக இருக்கும். ('குயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'விசித்திரமான' என்று பொருள், தன்பாலீர்ப்பு கொண்டவர்களை இழிவாகச் சொல்லப் பயன்பட்டு, பிறகு அவர்களே தமக்கென்று எடுத்துக்கொண்ட சொல்.) வீட்டில் சொன்னால், செக்ஸ் பற்றிய படிப்பு என்று நினைத்துப் பேச்சை மாற்றுவார்கள், இல்லையென்றால் 'அவங்களைப் பத்தின படிப்பா?' என்று கேட்பார்கள். இணையத்தில் கேட்டால் 'ஆண் பெண் வித்தியாசமே கிடையாதுன்னு சொல்ற வெளிநாட்டுத் தியரி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எதுவுமே சரியில்லை. நல்ல மதிப்பெண் வாங்குகிற மாணவர்கள்கூட 'குயர் கோட்பாடு என்பது எல்ஜிபிடி மக்களைப் (தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்கள், திருநர்) பற்றிய ஆய்வு' என்று விடைத்தாளில் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இந்தப் படிப்பின் உயிரே அந்த வரியில் காணாமல் போய்விடுகிறது.

இந்தப் படிப்பு கேட்கிற அடிப்படைக் கேள்வி இதுதான்: இது இயல்பு, இது இயல்பில்லை என்று யார், எப்போது, எதை வைத்துப் பிரித்தார்கள்? பிரித்த கோடு அழியாமல் எப்படி நிற்கிறது? திருநங்கைகளும் தன்பாலீர்ப்பு கொண்டவர்களும் இந்த ஆய்வில் நிறையவே வருவார்கள், ஏனென்றால் அந்தக் கோட்டில் அடிபட்டவர்கள் அவர்கள். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வசதியாக உட்கார்ந்திருக்கும் நம் எல்லோரையும் சேர்த்துத்தான் ஆராய்கிறார்கள்.

வீடு வாடகைக்கு, ஃபேமிலி மட்டும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்துகளில் நடந்து போனால் கேட்டில் அட்டை தொங்கும். மார்க்கர் பேனாவில் 'வீடு வாடகைக்கு', கீழே ஒரு செல் நம்பர், அதற்கும் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் 'ஃபேமிலி மட்டும்'. ஃபேமிலி என்றால் என்ன என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்காது. எழுதத் தேவையில்லை, கணவன், மனைவி, குழந்தை என்று படிக்கிறவரே புரிந்துகொள்வார். போன் போட்டால் முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே 'கல்யாணம் ஆயிடுச்சா, எத்தனை பேரு' என்று கேள்வி வரும், சாதியும் சுற்றி வளைத்து வந்து சேரும்.

இந்தக் கேள்விகளில் யாரெல்லாம் தங்க முடியாமல் வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள், திருநங்கைகள் என்று நாம் எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே, கணவரைப் பிரிந்து ஒரு மகனோடு வாழும் பெண்ணும் இருக்கிறார், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டு வந்த ஜோடியும் இருக்கிறது, நாற்பத்தைந்து வயதிலும் கல்யாணம் செய்துகொள்ளாத ஒருவரும் இருக்கிறார். இவர்களில் பாதிப் பேர் எதிர்பாலினரை விரும்புகிற 'வழக்கமான' ஆட்கள்தான். இருந்தும் சாவி கிடைப்பதில்லை.

ஆண் பெண்ணை விரும்புவதும், அவர்கள் முறைப்படி மணந்து பிள்ளை பெற்று ஒரே கூரையில் வாழ்வதும்தான் இயல்பு, மற்றதெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம் என்று சட்டம், வாடகை, ரேஷன் கார்டு, சினிமா எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொள்கிற முன்முடிவுக்கு ஹெட்டிரோநார்மேட்டிவிட்டி என்று பெயர். தமிழில் 'எதிர்பாலீர்ப்பு நெறி' எனலாம். 1991-ல் மைக்கேல் வார்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தனிமனிதர்களின் வெறுப்பை இது குறிக்கவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனுஷராகவே இருக்கலாம், யாரையும் வெறுக்காமலே அந்த அட்டையை மாட்டியிருக்கலாம். அவர் வெறுக்காமலே வேலை நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1997-ல் கேத்தி கோஹன் என்ற கறுப்பின அரசியல் அறிவியலாளர் இதை இன்னும் கூர்மையாக்கினார். அமெரிக்காவில் அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்க்கும் கறுப்பினத் தனித்தாய்மார்கள் ஆண்களை விரும்புகிறவர்கள்தான், ஆனாலும் அவர்களைச் சமூகம் ஒழுங்கு கெட்டவர்கள் என்றுதான் பார்க்கிறது. அப்படியென்றால் யாரை விரும்புகிறோம் என்பதை மட்டும் வைத்துக் கோடு போட்டுவிட முடியுமா என்று கேட்டார். காசிமேட்டில் மீன் விற்றுத் தனியாளாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற ஒரு அக்காவைப் பற்றித் தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டவர்களுக்குக் கோஹன் சொல்வது உடனே புரியும்.

இதுவரை சொன்னது: குயர் கோட்பாட்டின் ஆய்வுப் பொருள் 'இயல்பு' என்கிற ஏற்பாடு. அதற்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளமானது.

சில சொற்கள், ஒரே தடவை

பால் என்பது உடற்கூறு சார்ந்தது: குரோமோசோம், ஹார்மோன், உறுப்புகள். இதிலேயே இரண்டு பெட்டிக்குள் அடங்காமல் பிறக்கிறவர்கள் உண்டு, அவர்களை இடைப்பால் மனிதர்கள் என்கிறோம். பாலினம் என்பது அந்த உடலைச் சுற்றிச் சமூகம் கட்டுகிற ஆண்மை, பெண்மை. தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ ஒருவர் உள்ளுக்குள் அறிவது பாலின அடையாளம். யாரிடம் ஈர்ப்பு வருகிறது என்பது பாலீர்ப்பு. திருநங்கை என்பது பாலின அடையாளத்தைச் சொல்கிற சொல், கே, லெஸ்பியன் என்பவை பாலீர்ப்பைச் சொல்பவை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பட்டிமன்றம் நடக்கிறது. சரி, இனி உள்ளே போகலாம்.

செயல் எப்படி ஆளாக மாறியது

மிஷேல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு சிந்தனையாளர் 1976-ல் பாலியலின் வரலாறு பற்றிய தன் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். விக்டோரியா காலத்தில் பாலியலைப் பற்றிப் பேசவே விடாமல் அடக்கி வைத்தார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. அவர் அதைத் திருப்பிப் போட்டார். அடக்கியதைவிட அதிகமாக அந்தக் காலத்தில்தான் பேசினார்கள், ஆனால் பேசியது டாக்டர்களும் நீதிமன்றங்களும் பள்ளி நிர்வாகங்களும். அவர்கள் ஆட்களை வகை பிரித்து, பெயர் வைத்து, கோப்பு போட்டார்கள். அதற்கு முன்பு ஆணோடு ஆண் உறவு கொள்வது பாவம் அல்லது குற்றம், யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய ஒரு செயல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஒரு 'வகை ஆள்' ஆகிவிட்டது, பிறப்பு, குணம், நடை எல்லாவற்றிலும் வேறுபட்ட ஒரு ஆள்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 'தன்பாலீர்ப்பாளர்' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உடலுறவு என்று ஒரு செயலைத்தான் தண்டித்தது, எழுத்துப்படி பார்த்தால் கணவன் மனைவியைக்கூட அதில் இழுத்திருக்கலாம். ஆனால் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தி, 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்து, 2018 செப்டம்பர் 6-ல் அதே உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்கள் விரும்பிக் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று முடிவு கட்டிய நேரத்தில், அது ஒரு வகை மனிதர்களுக்கு எதிரான சட்டம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் ஃபூக்கோ தேடச் சொல்கிறார்.

இன்னொன்று, நம் நகரத்துக்கே சொந்தமானது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் நடத்திய ஆய்வில். அதைத் தொடர்ந்து வந்த சுகாதாரத் திட்டங்களில் 'எம்.எஸ்.எம்.' என்று ஒரு வகை உண்டு, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் என்று பொருள். அடையாளத்தைத் தொடாமல் நடத்தையை மட்டும் சொல்ல வேண்டும் என்று யோசித்து உருவாக்கிய சொல் அது. எடுத்துக்காட்டாக, மனைவி, பிள்ளைகளோடு வாழ்கிற ஒரு தொழிலாளி, ஆண்களிடமும் போகிறவர், தன்னை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளாதவர், ஒரு மையத்துக்குப் போகிறார். படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் விழுகிறது. அட்டை, ஆலோசகர், வாராந்திரக் கூட்டம் எல்லாம் வருகிறது. கொஞ்ச நாளில் 'அவர் எம்.எஸ்.எம்.' என்று ஆளையே சொல்கிறார்கள், அவரும் சொல்லிக்கொள்கிறார். அந்தப் படிவம் பலர் உயிரைக் காப்பாற்றியது, அதை மறுக்கவே கூடாது. அதே படிவம் ஒரு வகை ஆளையும் செய்து கொடுத்தது.

சுருக்கமாக: ஆசை எல்லாக் காலத்திலும் இருந்தது. 'இந்த ஆசை உள்ளவர் இந்த வகை ஆள்' என்ற கணக்குக்குத்தான் பிறந்த தேதி உண்டு.

சொன்னதும் நடந்துவிடும் சொற்கள்

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது ஜூடித் பட்லர் என்ற அமெரிக்கத் தத்துவவாதியிடம். 1990-ல் வந்த அவருடைய 'ஜெண்டர் ட்ரபிள்' நூலை நாலு வரியில் சுருக்கி, 'பாலினம் ஒரு நடிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். பட்லர் சொன்னது நிகழ்த்துகை. நடிப்பு வேறு, நிகழ்த்துகை வேறு.

ஜே.எல். ஆஸ்டின் என்ற மொழித் தத்துவவாதியிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். சில வாக்கியங்கள் உலகத்தைப் பற்றித் தகவல் சொல்கின்றன: 'இன்றைக்கு மழை.' வேறு சில வாக்கியங்கள் சொல்லும்போதே ஒரு காரியத்தை முடித்துவிடுகின்றன. இதற்குத் தமிழ்நாட்டில் கிடைப்பதுபோல நல்ல உதாரணம் வேறெங்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், 'இவரைக் கணவராக ஏற்கிறேன்', 'இவரை மனைவியாக ஏற்கிறேன்' என்று அறிவித்தாலே திருமணம் செல்லும். ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். சொன்னார்கள், ஆகிவிட்டது. சொல் காரியமாகிற இந்தத் தன்மைக்குத்தான் நிகழ்த்துகை என்று பெயர்.

இப்போது அதே மண்டபத்தில், அதே மைக்கில், அதே சொற்களை இரண்டு பெண்கள் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லில் எந்தக் குறையும் இல்லை, மனசிலும் இல்லை. ஆனால் சட்டப்படி ஒன்றும் ஆகாது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை, இதைச் சட்டமன்றங்கள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் சொல்லின் சக்தி சொல்கிறவர் வாயில் இல்லை. அவருக்கு முன்பு ஆயிரக்கணக்கானோர் சொல்லிச் சொல்லி, சட்டமும் ஊரும் ஏற்று ஏற்று ஏறிய சக்தி அது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்து, பதிவு மறுக்கப்பட்ட ஒரு திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. சொல் அதே சொல்தான். அதை யார் சொன்னால் செல்லும் என்ற எல்லை நகர்ந்தது.

பட்லர் இதைப் பாலினத்துக்குக் கொண்டுபோகிறார். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருக்கிறவர்களிடம் நர்ஸ் வந்து 'பொம்பளப் புள்ள' என்று சொல்கிறார். கேட்டால் தகவல் மாதிரி இருக்கும். ஆனால் அந்த நொடியில் ஒரு வேலைத்திட்டம் தொடங்கிவிடுகிறது: காது குத்து, பாவாடை, 'காலைச் சேர்த்து வச்சு உட்காரு', 'இருட்டறதுக்குள்ள வா', மஞ்சள் நீராட்டு, 'போற இடத்துல பேர் வாங்கிக் குடு'. பையனுக்கு 'பொட்டை மாதிரி அழாதே' என்பதில் தொடங்கி வேறு பட்டியல். தினமும் திரும்பத் திரும்பச் செய்து, செய்ததெல்லாம் உள்ளுக்குள் படிந்து, கடைசியில் 'பெண் என்றால் இயற்கையிலேயே இப்படித்தான்' என்று தோன்ற ஆரம்பிக்கும். ஆள் நடமாட்டத்தால் காலி மனையில் ஒற்றையடிப் பாதை விழுகிறதே, அது மாதிரி. யாரும் போட்ட பாதை இல்லை, ஆனாலும் அதைவிட்டு விலகி நடந்தால் காலில் முள் குத்தும்.

இங்கேதான் இரண்டு தவறுகள் நடக்கின்றன. முதலாவது, 'அப்போ நாளைக்குக் காலையில நான் வேற பாலினம்னு முடிவு பண்ணிக்கலாமா?' முடியாது. நிகழ்த்துகை நம் விருப்பத்துக்கு முன்பே நடந்துகொண்டிருப்பது, கண்காணிப்போடும் தண்டனையோடும் வருவது. இரண்டாவது இன்னும் மோசமானது: 'திருநங்கைகள் நடிக்கிறார்கள் என்றுதானே பட்லர் சொல்கிறார்?' இல்லவே இல்லை. திருநங்கையின் பெண்மை செய்யப்பட்டது என்றால் என் அம்மாவின் பெண்மையும் அதே அளவுக்குச் செய்யப்பட்டதுதான், இரண்டும் ஒரே அளவு உண்மையானவை. இதை வகுப்பில் சரியாகச் சொல்லாமல் விட்டால், கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மனிதரை அவமானப்படுத்திவிடுவோம்.

வெளிநாட்டுச் சரக்கா?

பெயர் வெளிநாட்டில் வந்தது, அது உண்மை. 1990-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் நடந்த கருத்தரங்குக்குத் தெரேசா டி லாரெடிஸ் வைத்த தலைப்புதான் 'குயர் தியரி'. இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகம் அதற்கு அடுத்த ஆண்டே முதுகலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது.

ஆனால் கேள்வி அவர்களுடையது மட்டுமில்லை. 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம், அதாவது சாதிக்குள்ளேயே மணப்பது என்றார். அகமணம் குலையாமல் இருக்க ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் 'உபரி'யாகிற பெண்ணை என்ன செய்வது? எரிப்பது, அல்லது காலம் முழுக்கக் கைம்பெண்ணாக அடைத்து வைப்பது. மனைவி செத்து உபரியாகிற ஆணுக்கு இன்னும் கல்யாண வயது வராத சிறுமியைக் கட்டி வைப்பது. சாதி நிற்க வேண்டுமென்றால் யார் யாரோடு படுக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பதை, ஃபூக்கோ பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே அவர் காட்டிவிட்டார். அவர் பெயரில் வியாசர்பாடியில் அரசுக் கல்லூரி நடக்கிற ஊரில், குயர் கோட்பாட்டுத் தாளில் இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் அந்தப் பாடத்திட்டம் அரைகுறை என்பது என் உறுதியான கருத்து.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு மிகை உண்டு. 'பழந்தமிழர் எல்லோரையும் ஏற்றுக்கொண்டார்கள், வெள்ளைக்காரன்தான் கெடுத்தான்' என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். தொல்காப்பியம் பேடியரை, அதாவது ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களை, உயர்திணையில் வைத்தே இலக்கணம் சொல்கிறது, சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடலில் பேடியாடலும் ஒன்று, இரண்டும் சரி. ஆனால் திருக்குறளில் முயற்சி இல்லாதவன் செய்ய நினைக்கும் உதவிக்கும், அவைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூலுக்கும் உவமை பேடியின் கையில் இருக்கும் வாள். இலக்கணத்தில் இடம் இருந்தது என்பதால் வாழ்க்கையில் மரியாதை இருந்தது என்று ஆகிவிடாது. ஆங்கிலேயர் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதியில் வட இந்திய ஹிஜ்ராக்களை (அங்கத்திய திருநங்கைச் சமூகத்தினரை)ப் பதிவேட்டில் ஏற்றித் துன்புறுத்தியதும் உண்மைதான். இரண்டையும் ஒன்றாகக் கையில் பிடித்துப் படிப்பதுதான் முதுகலைப் பயிற்சி.

படிப்பு நடைமுறையில் எப்படி இருக்கும்

பெரும்பாலும் தனிப் பட்டமாக இருக்காது, ஒரு தாளாகவோ ஆய்வேட்டுத் தலைப்பாகவோ இருக்கும். இலக்கியப் பிரதியை, தீர்ப்பை, விளம்பரத்தை, அரசுப் படிவத்தை எடுத்து அதில் 'இயல்பு' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் தினசரி வேலை. வேலைவாய்ப்பு பற்றி அப்பா கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லலாம்: மகளிரியலில் நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) உண்டு, சட்டம், சுகாதாரம், ஊடகம், தொண்டு நிறுவனம் எல்லாவற்றிலும் இதைச் சரியாகப் புரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எனக்கு இது புரிய வேண்டும் என்று தாமே உளவியலாளரிடம் அமர்வுக்குப் போய் வந்து, அதற்குப் பிறகுதான் உத்தரவு போட்டார், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சையைத் தடை செய்தார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. இந்த வாதங்களையெல்லாம் யாரோ படித்து, எழுதி, நீதிமன்றம் வரை கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

ஆய்வேட்டுக்கு ஆள் தேடும்போது மட்டும் மிகவும் கவனம். சித்திரை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூவாகம் போய், இரண்டு நாள் படமெடுத்து, பத்துப் பேட்டி எடுத்துத் திரும்புவது ஆய்வு இல்லை. எதற்காகக் கேட்கிறோம், பதிலை எங்கே வெளியிடுவோம் என்று முதலில் சொல்ல வேண்டும், பாதியில் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், பெயரும் தெருவும் எழுதக் கூடாது. வடசென்னையில் தெருப் பெயரோடு ஒரு சின்ன அடையாளம் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தப் பாதிப்பு உங்கள் மதிப்பெண்ணுக்கு வராது, அவருக்குத்தான் வரும். உங்கள் ஆசையைப் பற்றி யாராவது இப்படி நேரில் கேட்டால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வீர்கள் என்று வினாப்பட்டியலை முதலில் உங்களுக்கே கொடுத்துப் பாருங்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் மிரட்டும், தெரியும். முதல் வாரமே பட்லரைத் திறக்க வேண்டாம். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வைப் படியுங்கள், தமிழில் எழுதப்பட்டது. அப்புறம் அம்பேத்கர் கட்டுரை, அது சின்னது, தெளிவானது. ஃபூக்கோவின் முதல் தொகுதியில் தொடக்க அத்தியாயங்கள் போதும். அதற்குப் பிறகு பட்லரை எடுத்தால் 1999 பதிப்பில் அவரே எழுதிய முன்னுரையிலிருந்து தொடங்குங்கள், தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களுக்கும் மொழி கடினம் என்று குறைப்பட்டவர்களுக்கும் அங்கே அவர் பதில் சொல்லியிருக்கிறார்.